காலனிய நீதிமன்றமும் சமூகங்களுக்கிடையிலான நீதியும்: சென்னை மாகாண அனுபவம்

சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் நிறுவிய நீதிமன்றங்கள் மக்களுக்கு இரண்டு வாக்குறுதிகளைத் தந்தன. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது ஒன்று. அவரவர் மதத்திலும் வழக்கத்திலும் அரசு தலையிடாது என்பது மற்றொன்று. வழக்கமே ஏற்றத்தாழ்வின் மேல் நின்ற நாட்டில் இவ்விரண்டும் மோதாமல் இருக்க வழியில்லை. விசாரணை முறையில் சமத்துவம் வந்தது. தீர்ப்பின் உள்ளடக்கத்திலோ பழைய வரிசை பல இடங்களில் அப்படியே நின்றது, சில இடங்களில் முன்னைவிட இறுகவும் செய்தது. அதே மன்றத்தின் படிகளில்தான், அதுவரை வாய் திறக்க இடமில்லாத சமூகங்கள் முதல் முறையாக வாதியாக ஏறி நின்றன என்பதும் உண்மை. காலனிய நீதியின் வரலாறு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு முன் தமிழ்நாட்டில் வழக்குத் தீர்க்கும் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை. ஊரார், நாட்டார், சாதிப் பஞ்சாயத்து, வணிகர் குழு, கோயில் நிர்வாகம், பாளையக்காரர், அரசர் எனப் பலரும் வழக்குக் கேட்டார்கள். சண்டை ஓய்வதும் இரு தரப்பும் ஊரில் தொடர்ந்து வாழ்வதுமே நோக்கமாக இருந்ததால் முடிவு பெரும்பாலும் சமரசமாகவே அமைந்தது. இதை நீதியின் பொற்காலம் என்று சொல்ல முடியாது. பறையரும் பள்ளரும் சக்கிலியரும் அந்த மன்றங்களில் உட்கார்ந்து பேசியவர்கள் அல்லர். தள்ளி நின்று முடிவைக் கேட்டுக்கொண்டவர்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நெகிழ்வு இருந்தது. ஒரு சமூகம் பொருளிலும் பலத்திலும் வளர்ந்தால், பழைய முடிவை அடுத்த தலைமுறை மாற்றிக்கொள்ள முடிந்தது. முன்தீர்ப்பு என்ற ஒன்று அவர்களைக் கட்டிப் போடவில்லை.

சென்னைப்பட்டினத்தில் கம்பெனியின் முதல் நீதிமன்றம் ஒரு சாவடிதான். 1639இல் கிடைத்த நிலத்தில் கோட்டை எழுந்தபின், உள்ளூர் மக்களின் சிறு வழக்குகளைச் சாவடி மன்றம் விசாரித்தது. 1678இல் ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் அதைச் சீரமைத்து, பெரிய வழக்குகளுக்கு ஆளுநரும் ஆலோசனைச் சபையும் ஜூரிகளோடு அமரும் மன்றம் ஒன்றையும் ஏற்படுத்தினார். 1688இல் மேயர் மன்றம் வந்தது. அதன் உறுப்பினர்களில் ஆங்கிலேயர் மட்டுமல்லாமல் பிற ஐரோப்பியரும் உள்ளூர் இந்துக்களும் இருந்தனர். துறைமுக நகரில் பல இனத்தாரின் நம்பிக்கையைப் பெறாமல் வியாபாரம் நடக்காது என்பதைக் கம்பெனி அப்போது அறிந்திருந்தது.

1726ஆம் ஆண்டின் அரசப் பட்டயம் அந்தக் கலப்பு ஏற்பாட்டை மாற்றி, மேயர் மன்றத்தை ஆங்கிலச் சட்டப்படி இயங்கும் மன்றமாக்கியது. உரசல் உடனே தொடங்கியது. 1736இல் இந்து வணிகர் இருவர் கோயிலில் சத்தியம் செய்ய மறுத்ததற்காக மேயர் மன்றம் அவர்களைச் சிறையில் அடைத்தது. நகரில் கொந்தளிப்பு ஏற்பட்டு, ஆளுநர் தலையிட்டு அவர்களை விடுவிக்க வேண்டியிருந்தது. 1753ஆம் ஆண்டின் புதிய பட்டயம், உள்ளூர் மக்கள் தங்களுக்குள் கொண்ட வழக்கை இரு தரப்பும் ஒப்பினாலன்றி மேயர் மன்றம் விசாரிக்கக் கூடாது என்று வரம்பிட்டது. மதத்தில் தலையிடாமை என்ற கொள்கை தத்துவமாகப் பிறக்கவில்லை. இப்படிப்பட்ட பயத்தில்தான் பிறந்தது.

வலங்கை, இடங்கை என இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதிகளின் பூசல்களும் அந்தப் பயத்தை வளர்த்தன. கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகலாம், எந்தச் சாதி எந்தக் கொடியைப் பிடிக்கலாம் என்ற சண்டைகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சென்னையைப் பலமுறை உலுக்கின. 1707இல் மூண்ட பூசலை ஆளுநர் தாமஸ் பிட், இன்னின்ன தெரு இன்னாருக்கு என்று பிரித்து அடக்கப் பார்த்தார். மன வருத்தம் கொண்டவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாந்தோம் பக்கம் வெளியேறினார்கள். நெசவாளியும் வியாபாரியும் போய்விட்டால் கப்பலில் ஏற்றத் துணி இருக்காது. ஆகவே கம்பெனி பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. இதில் ஒன்று கவனிக்கத்தக்கது: வெள்ளை ஆளுநர் தன்னை அறியாமலே பழைய அரசரின் இடத்தில் அமர்ந்து, சாதிகளுக்கிடையே மரியாதையைப் பங்கிட்டுத் தருபவராகிவிட்டார். அந்த வேலையைப் பின்னாளில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சாத்திரம் சட்டமான விதம்

வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் வங்காளத்தில் வகுத்த திட்டம் இந்தியா முழுவதற்கும் அடித்தளமாயிற்று. வாரிசுரிமை, திருமணம், சாதி, மத வழக்கங்கள் ஆகியவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன் வழிச் சட்டம், இந்துக்களுக்குச் சாத்திரம் என்பதே அதன் சாரம். கேட்க நியாயமாகத் தோன்றிய இந்த ஏற்பாடு இரண்டு பெரும் விளைவுகளைக் கொண்டுவந்தது. எண்ணற்ற வட்டார, சாதி வழக்கங்களைக் கொண்ட மக்கள் இரண்டே மதப் பெட்டிகளில் அடைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய சட்டம் எது என்று சொல்லும் அதிகாரம் நூலறிந்த சிறு கூட்டத்தின் கைக்குப் போனது.

சென்னையில் 1801இல் உச்ச நீதிமன்றம் அமைந்தது. 1802இல் மாவட்ட அதாலத்துகளும் அவற்றுக்கு மேல் சதர் அதாலத்தும் நிறுவப்பட்டன. நீதிபதிக்குப் பக்கத்தில் பண்டிதரும் காஜியும் அமர்ந்து சட்டம் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் 1825இல் இந்துச் சட்டம் பற்றி வெளியிட்ட நூல் வழக்கறிஞர் கையில் வேதமாகப் புழங்கியது. வடமொழி நூல்களின் மொழிபெயர்ப்பும் தீர்ப்புத் திரட்டும் பெருகியபின் பண்டிதர் தேவைப்படவில்லை. 1864இல் அந்தப் பதவிகளை அரசு எடுத்துவிட்டது. காஜிகளும் அதே சட்டத்தில் போனார்கள். முஸ்லிம்கள் குறை சொன்னதால் 1880இல் காஜிகளை நியமிக்க மறுபடி வழி செய்யப்பட்டது, நீதி வழங்கும் அதிகாரம் மட்டும் திரும்பவில்லை.

இந்த முறை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று உரக்கச் சொன்னவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி. மதுரை நாட்டின் வரலாற்றை எழுதிய ஜே.எச். நெல்சன், 1877இல் சென்னை உயர் நீதிமன்றம் நடத்திவரும் இந்துச் சட்டத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மறவர், கள்ளர், நாடார், வெள்ளாளர் முதலிய பெருந்திரளான மக்கள் மிதாட்சரம் என்ற வடமொழிச் சட்ட நூலைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர்கள் வாழ்வு வேறு வழக்கங்களால் ஆனது. உயர் நீதிமன்றம் அவர்கள் மீது இல்லாத சட்டத்தைச் சுமத்துகிறது என்பது அவர் வாதம். உயர் நீதிமன்ற நீதிபதி இன்ஸ் அதற்கு மறுப்பு எழுதினார். சட்டம் நெல்சன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் சுட்டிய குறை மெய்யானது.

வழக்கத்துக்குக் கதவு முழுதும் அடைக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் சமஸ்தானத்தில் கணவர் அனுமதி இல்லாமல் விதவை ராணி தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் வந்த தீர்ப்பு, உறவினர் ஒப்புதலோடு எடுத்த தத்து செல்லும் என்றது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட சாத்திர வாசகத்தைவிட வலியது என்ற விதியையும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. விதி நல்லதுதான். ஆனால் வழக்கத்தை மெய்ப்பிப்பது எப்படி? அது தொன்மையானது, மாறாதது, திட்டவட்டமானது என்று சாட்சிகளையும் ஆவணங்களையும் கொண்டு காட்ட வேண்டும். ராஜாக்களுக்கு அது முடிந்தது. ஓலையும் செப்பேடும் இல்லாத ஏழைச் சாதிக்கு அது எட்டாத உயரம். வாழும் வழக்கம் மாறிக்கொண்டே இருப்பது. சட்டம் கேட்டதோ மாறாத வழக்கத்தை. மாற விரும்பிய சமூகங்களுக்கு எதிராகவே இந்த அளவுகோல் வேலை செய்தது.

ஊர் மணியக்காரரும் தொழுமரமும்

பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ, 1802இல் வந்த மாவட்ட நீதிமன்ற ஏற்பாட்டை, அதாவது கார்ன்வாலிஸ் முறையை விரும்பவில்லை. தொலைவில் உள்ள நீதிமன்றமும் அன்னிய மொழியும் குடியானவனுக்குப் பயன்படாது என்று கருதிய அவர், ஊருக்குள்ளேயே நீதி கிடைக்க வேண்டும் என்று வாதிட்டார். அதன் பயனாக 1816இல் ஒரு தொகுதி ஒழுங்குமுறைச் சட்டங்கள் வந்தன. ஊர்த் தலைவர் கிராம முன்சீப் ஆனார்; பஞ்சாயத்துகளுக்கும் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. பஞ்சாயத்து ஏற்பாட்டை மக்கள் அதிகம் நாடவில்லை. கிராம முன்சீப் பதவியோ வேர்விட்டு, 1980இல் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளை நீக்கும் வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

அந்தச் சட்டங்களில் ஒன்று 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறை. சில்லறை அடிதடிக்கும் வசவுக்கும் ஊர்த் தலைவர் தண்டனை தரலாம் என்று அது சொன்னது. பொதுவான தண்டனை, ஊர்ச் சாவடியில் 12 மணி நேரத்துக்கு மிகாத காவல். குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதியாராக இருந்து, இழிவான தண்டனை தருவது தகாதது அல்ல என்று பட்டால், அவரை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். கனத்த இரு மரக்கட்டைகளுக்கிடையே துளைகளில் கால்களைப் பூட்டி, ஊரார் கண்ணெதிரே வெயிலில் உட்கார வைப்பதுதான் தொழுமரம். ஒரே வசவு, ஒரே ஊர், ஒரே சட்டப் பிரிவு; வெள்ளாளருக்குச் சாவடித் திண்ணை, பறையருக்குக் கட்டை. இது யாரோ ஒரு மிராசுதார் தன் போக்கில் செய்த கொடுமை அல்ல. அச்சிட்ட அரசுச் சட்டம். இதை இயற்றியவர்கள் சாதியை ஒழிக்கவும் வரவில்லை, உண்டாக்கவும் இல்லை. ஆனால் ஊரில் நடந்ததை எழுத்தில் ஏற்றி, அதற்கு அரசின் முத்திரையைக் கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டு பிறந்தபின்னும் அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தது.

பண்ணையாட்களின் நிலையும் இதையொட்டியது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், ஒருவர் அடிமை என்ற காரணத்தைக் காட்டி அவர் மீது கொண்டாடும் எந்த உரிமையையும் நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று அறிவித்தது. அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று அது சொல்லவில்லை. நீதிமன்றம் கையை விலக்கிக்கொண்டது, அவ்வளவே. 1859இல் வந்த 13ஆம் சட்டமோ, முன்பணம் வாங்கிய கூலியாள் வேலை செய்யத் தவறினால் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டு அவரை வேலைக்கு ஏவலாம், மறுத்தால் சிறைக்கு அனுப்பலாம் என்றது. பிறப்பால் வந்த கட்டு தளர்ந்த இடத்தில் முன்பணத்தால் வந்த கட்டு இறுகியது. கட்டுண்டவர்கள் பெரும்பாலும் அதே சாதியார்தாம்.

கோயில் வாசல்

சமூகங்களுக்கிடையிலான நீதி கடுமையாகச் சோதிக்கப்பட்ட களம் கோயில். முதல் தீர்த்தம் யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பனவெல்லாம் வழக்கு மன்றத்துக்கு வந்தன. வெறும் மரியாதைக்காக வழக்குப் போட முடியாது; சொத்துரிமையோ பதவி உரிமையோ சம்பந்தப்பட்டிருந்தால் போடலாம் என்று நீதிமன்றங்கள் கோடு கிழித்தன. விளைவாக மரியாதைகளெல்லாம் பதவிகளாகவும் சொத்துகளாகவும் வாதிடப்பட்டன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் மிராசு யாருக்கு என்ற, வைணவத்தின் வடகலை, தென்கலைப் பிரிவுகளின் வழக்கு 1882இல் உயர் நீதிமன்றம் ஏறியது. அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. தீர்ப்பு வந்தால் பூசல் தீரும் என்று நம்பியவர்கள், ஒவ்வொரு தீர்ப்பும் அடுத்த வழக்குக்கு ஆதாரமாவதைக் கண்டார்கள்.

மேல்சாதியாரின் தனியுரிமைகள் எப்போதும் வென்றன என்றும் சொல்ல முடியாது. கம்மாளர் தம் வீட்டுச் சடங்குகளைத் தம் குலத்துப் புரோகிதரைக் கொண்டு நடத்தலாமா என்ற தகராறு சித்தூர் ஜில்லா அதாலத்துக்கு வந்து, 1818இல் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அந்தத் தீர்ப்பைக் கம்மாளர் சமூகம் அச்சிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது. கைவினைஞர் சாதி ஒன்றுக்கு நீதிமன்றத் தீர்ப்பு ஒரு செப்பேடாகவே ஆகிவிட்டது.

இதற்கு நேர் எதிரானது கமுதி வழக்கு. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சீமையின் வணிக ஊர்களில் நாடார்கள் வியாபாரத்தில் செழித்து, உறவின்முறை அமைத்து, மகமை திரட்டி, பள்ளிகளும் பேட்டைகளும் கட்டினார்கள். கையில் பொருள் இருந்தும் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி, அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று அறிவிக்கவும், தீட்டுக் கழிக்கும் செலவை ஈடாகப் பெறவும் மதுரை சப்-கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். நாடார்கள் தாங்கள் பாண்டியர் வழிவந்த சத்திரியர் என்று வாதிட்டார்கள். இரு பக்கமும் சாட்சிகள் திரண்டார்கள். பனையேறும் தொழில், ஆகமம், பிற கோயில்களின் நடைமுறை எல்லாம் விசாரணைக்கு உள்ளாயின. ஒரு பெருஞ்சமூகம் தெய்வத்தின் எதிரே எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை, சாட்சிக் கூண்டில் நின்றவர்களின் நினைவை வைத்து ஒரு மன்றம் அளந்தது.

விசாரணைக் காலத்தில் சீமையெங்கும் பதற்றம் ஏறி, 1899 ஜூனில் சிவகாசியில் பெருங்கலவரமாக வெடித்தது. அடுத்த மாதம் சப்-கோர்ட்டு நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது சேதுபதி நாடார்களோடு சமரசத்துக்கு முன்வந்தார். பழைய முறையில் இருந்திருந்தால் அது ஒரு நல்ல முடிவாகியிருக்கலாம்: ராஜா சம்மதிக்கிறார், வணிகர்கள் கோயிலுக்குக் கைங்கரியம் செய்கிறார்கள், கதவு திறக்கிறது. ஆனால் ஆங்கில அறக்கட்டளைச் சட்டத்தின் கண்ணில் அறங்காவலர் கோயில் வழக்கத்தின் காவலர். அதை விட்டுக்கொடுக்க அவருக்கே அதிகாரம் இல்லை, அது நம்பிக்கைத் துரோகம். சமரசம் தள்ளப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதன் பின் 1908இல் பிரிவி கவுன்சிலும் நாடார்களின் முறையீட்டை நிராகரித்தன. லண்டனில் அமர்ந்த நீதிபதிகளுக்குச் சாதி வெறுப்பு இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டதா? ஆம் என்றால் வழக்கு முடிந்தது. அந்த வழக்கம் நியாயமானதா என்ற கேள்வியைக் கேட்க அவர்களது சட்டத்தில் இடமில்லை, இடமிருந்தாலும் கேட்க அரசுக்கு மனமில்லை. தீண்டாமை இவ்வாறு, மீறினால் நட்டஈடு கொடுக்க வேண்டிய ஒரு சிவில் உரிமையாக உயர்ந்தது.

தெருவும் ஊர்வலமும்

தெரு விஷயத்தில் நீதிமன்றங்கள் நடந்துகொண்ட விதம் வேறு. பொதுத் தெரு அரசின் சாலை. அது எந்தச் சாதிக்கும் மதத்துக்கும் சொந்தமில்லை என்ற ஆங்கிலச் சட்டக் கருத்து இங்கே நன்மை செய்தது. 1882இல் வடகலை, தென்கலை வழக்கொன்றில், எந்தப் பிரிவினரும் பொதுத் தெருவில் மத ஊர்வலம் போகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு சேலத்தில், ஊர்வல வழியில் எழுந்த மசூதியைச் சுற்றி இந்து, முஸ்லிம் கலவரம் மூண்டது. அதையொட்டி வந்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஊர்வலம் போவது உரிமைதான், பிறர் வழிபாட்டைக் கெடுக்காமலும் மாஜிஸ்திரேட்டின் அமைதி காக்கும் ஆணைக்கு உட்பட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றது. பின்னாளில் பிரிவி கவுன்சிலும் இக்கொள்கையை ஏற்றது.

சொல்லப்பட்ட நீதி சரியானதே. நடைமுறையில் கடிவாளம் மாஜிஸ்திரேட்டின் கையில் இருந்தது. கலவரம் வரும் என்று யார் மிரட்டுகிறார்களோ அவர்களுக்குச் சாதகமாகத் தடை ஆணை பிறப்பதே எளிய வழி. புதிதாக உரிமை கேட்பவரே அமைதியைக் குலைப்பவராகக் காவல் துறையின் குறிப்பில் ஏறினார். காலங்காலமாக மறுத்து வந்தவர் வழக்கத்தின் பாதுகாவலராக நின்றார். சமூக நீதியின் பல வழக்குகள் தீர்ப்பில் தோற்றவை அல்ல, இப்படித் தடை ஆணையில் தோற்றவை.

மதம் மாறினவரும் கலப்பில் பிறந்தவரும்

1850ஆம் ஆண்டின் சாதித் தடை நீக்கச் சட்டம், மதம் மாறியதாலோ சாதியிலிருந்து தள்ளப்பட்டதாலோ ஒருவர் வாரிசுரிமையை இழக்கமாட்டார் என்றது. இது மிஷனரிகளுக்கு அரசு தரும் கைக்கூலி என்று சென்னை இந்துக்கள் எதிர்ப்பு மனு அனுப்பினார்கள். மதம் மாறியவருக்கு எந்தச் சட்டம் என்ற கேள்வி அதோடு தீரவில்லை. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியில் சாராய வியாபாரத்தில் பெரும்பொருள் சேர்த்த மேத்யூ ஆபிரகாம், பறையர் வழிவந்த கிறிஸ்தவர். மனைவி சார்லட் ஆங்கில, போர்த்துகீசியக் கலப்பில் வந்தவர். 1842இல் மேத்யூ இறந்தபின் அவர் தம்பி பிரான்சிஸ், நாங்கள் பிரியாத இந்துக் குடும்பம், பாதிச் சொத்து எனக்கு என்றார். சார்லட், நாங்கள் ஆங்கில நடையில் வாழ்ந்தவர்கள், இந்துச் சட்டம் எங்களைக் கட்டாது என்றார். உடையும் சாப்பாடும் வீட்டுப் பழக்கமும் சாட்சியமாயின. 1863இல் பிரிவி கவுன்சில், மதம் மாறியவர் பழைய சட்டத்தை வைத்துக்கொள்ளவும் விடவும் உரிமை பெற்றவர், அவர் நடந்துகொண்ட முறையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்று சார்லட் பக்கம் தீர்த்தது. சாதியையும் மதத்தையும் பிறவிக் குறியாகப் பார்க்காமல் மனிதர் தேர்ந்துகொள்ளும் வாழ்வாகப் பார்த்த அருமையான தீர்ப்பு இது. 1865ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு ஒரே விதி வகுத்து அந்தத் தேர்வையும் பறித்துக்கொண்டது.

மலபார் மாப்பிள்ளைமாரில் பலர், முஸ்லிம்களாக இருந்தும், தாய்வழி வாரிசு முறையான மருமக்கள் தாயத்தைப் பின்பற்றினார்கள். 1937ஆம் ஆண்டின் ஷரியத் சட்டம் வந்தபின் வழக்கத்துக்கு இருந்த இடம் சுருங்கியது.

நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

ஆள்வோரின் இனத்தைப் பொறுத்தவரை சமத்துவம் என்ற பேச்சே எடுபடவில்லை. ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கத் தனி விதிகள் இருந்தன. 1876இல் ஆக்ராவில் புல்லர் என்ற ஆங்கிலேயர் அடித்ததில் அவருடைய குதிரைக்காரர் இறந்தார். விதிக்கப்பட்ட தண்டனை 30 ரூபாய் அபராதம். வைசிராய் லிட்டனே இதைக் கண்டித்துக் குறிப்பு எழுதினார். மாவட்டத்தில் இந்திய நீதிபதியும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்று 1883இல் இல்பர்ட் மசோதா முன்மொழிந்தபோது ஆங்கிலேயர் கொதித்தெழுந்தார்கள். 1884இல் வந்த சட்டம், குற்றம் சாட்டப்பட்ட ஐரோப்பியர், குறைந்தது பாதிப் பேராவது ஐரோப்பியராக உள்ள ஜூரியைக் கேட்கலாம் என்று பின்வாங்கியது.

ஏணியின் மறுமுனையில் நிறுத்தப்பட்டவர்கள் குற்றப் பரம்பரையினர். 1871இல் வடஇந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அரசு அறிவிக்கலாம்; அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்க முடியாது. இரவில் காவல் நிலையத்தில் கைநாட்டு, ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு என்று பிரமலைக் கள்ளர் வாழ்வு நெருக்கப்பட்டது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் பதிவுக்கு மறுத்தவர்கள் மீது காவல் துறை சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். ஆபிரகாம் வழக்கில் ஒரு தனி மனிதரின் வாழ்க்கை முறையை அத்தனை நுணுக்கமாகப் பார்த்த சட்டம், இங்கே ஒரு குழந்தையைப் பிறந்த வீட்டை வைத்தே குற்றவாளி ஆக்கியது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது.

தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் யார் இருந்தார் என்பதும் நீதியின் பகுதி. 1862இல் அமைந்த சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தவர் முத்துசாமி ஐயர். வறுமையில் பிறந்து சிறு குமாஸ்தா வேலையிலிருந்து உயர்ந்த அவரது வாழ்வு, புதிய நீதித்துறை திறந்துவிட்ட வழிக்கு நல்ல சான்று. அந்த வழி எல்லாருக்கும் ஒரே அகலத்தில் இல்லை. 1912இல் மாகாணத்தின் 128 ஜில்லா முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர். ஆங்கிலக் கல்வியில் முந்திய சமூகம் நீதித்துறையிலும் முந்தியது. இந்து வழக்கம் எது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஒரே சமூகத்திலிருந்து வந்தார். 1916இல் பிராமணரல்லாதார் இயக்கம் எழுந்தபோது இந்தக் கணக்கு அதன் முதன்மையான வாதங்களில் ஒன்றாயிற்று.

வழக்கம் எது என்று சிலரே தீர்மானித்ததில் இலங்கைத் தமிழரின் அனுபவமும் இதே தடத்தில் சென்றது. யாழ்ப்பாண வழக்கங்களை டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். முதலியார்கள் 12 பேர் அதைப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். அந்தத் தேசவழமையை ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றனர். பெண்ணுக்குச் சீதனமாகச் சொத்து சேரும் நல்ல வழக்கமும் அதில் இருந்தது. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அடிமைகள் என்பதும் இருந்தது. கேட்கப்பட்டவர்கள் நிலமும் பதவியும் உள்ள முதலியார்கள். அடிமைகளாக எழுதப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இலங்கையில் அடிமை முறை 1844இல் ஒழிக்கப்பட்டது. தேசவழமையின் சொத்துப் பகுதி இன்றும் நடப்பில் உள்ளது.

கட்டு அவிழ்ந்த வழி

வழக்கத்தை நீதிமன்றம் மாற்றாது என்று தெளிவானபின் போராட்டம் சட்டமன்றத்துக்கு நகர்ந்தது. 1924இல் சென்னைச் சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாருக்கும் தடை கூடாது என்று நிறைவேறியது. அரசுக் கட்டடத்துக்குள் நுழையவே தீர்மானம் வேண்டியிருந்தது என்பதிலிருந்து, அதுவரை ஒரு தாழ்த்தப்பட்ட வாதிக்கு நீதிமன்ற வாசல் என்னவாக இருந்திருக்கும் என்று அறியலாம்.

1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். கமுதித் தீர்ப்பு அப்போதும் சட்டமாகவே இருந்தது. நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்த அதிகாரிகள் மீதும் யாரும் வழக்குப் போட்டிருக்க முடியும். அதனால்தான் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதைக் கோயில் நுழைவு அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டமாக நிறைவேற்றி, அவர்களை வழக்கிலிருந்து காத்தது. அந்தச் சட்டம் கோயில்களைத் திறக்க நிர்வாகிகளுக்கு இசைவு மட்டுமே தந்தது. 1947ஆம் ஆண்டின் சென்னைக் கோயில் நுழைவுச் சட்டம்தான் எல்லா இந்துக்களுக்கும் நுழையும் உரிமையை வழங்கியது.

1950இல் அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்து, பொதுத்தன்மை வாய்ந்த இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறக்கச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. காலனியக் காலத்துச் சட்டங்களும் முன்தீர்ப்புகளும் சாசனத்துக்கு முரணாகாத வரை தொடரும் என்றும் அதுவே சொன்னது. முன்பு சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தென்கன்னடத்து மூல்கி வெங்கடரமணர் கோயில் நிர்வாகிகள், இது எங்கள் கவுட சாரஸ்வத சமூகத்தின் கோயில், 1947ஆம் ஆண்டுச் சட்டம் எங்களைக் கட்டாது என்று வாதிட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1957இல் வந்த தீர்ப்பு, கோயில் அச்சமூகத்துக்கு உரியதே என்று ஏற்றது. சில குறிப்பிட்ட சடங்குகளின் போது பிறரை விலக்கிவைக்கவும் இடம் தந்தது. மற்ற நேரங்களில் எல்லா இந்துக்களுக்கும் உள்ள வழிபாட்டு உரிமை அதைவிட மேலானது என்று தீர்த்தது. வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பதோடு நில்லாமல், அந்த வழக்கம் சாசனத்தின் முன் நிற்குமா என்ற கேள்வியையும் நீதிமன்றம் கேட்டாக வேண்டிய நிலை இவ்வாறு வந்தது.